மகளின் வளவு: கிழக்குக் கரையின் வீட்டுச் சீதனமும் சமூகப் பரிணாம ஏணியும்

1. கேள்வி

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் மகாவலியின் கிளைகளும் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட நிலம் கிழக்கிலங்கையின் கிண்ணியாப் பிரதேசம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போகிறவர்கள் துறையில் காத்துக் கிடந்தார்கள். அங்குள்ள குறிஞ்சாக்கேணிப் பாலத்தை மீளக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2021 நவம்பர் 23 காலையில், மாற்று வழியாக ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் பலியானார்கள். அந்தப் பிள்ளைகளை நினையாமல் குறிஞ்சாக்கேணி என்ற பெயரை எழுதுவது எனக்கு இயலாது.

கிண்ணியாவின் குடும்ப அமைப்பை உற்றுப் பார்த்தால் சமூக அறிவியலின் பழைய வழக்கு ஒன்று உயிரோடு எழுந்து நிற்கும். இங்கே திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீடும் அதைச் சுற்றிய வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. கிண்ணியா, மூதூர், ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று கிழக்குக் கரை நெடுக முஸ்லிம்களிடம் இதுவே வழக்கம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களிடமும் இதே வழக்கம் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பெயரோடு வருவது வாப்பாவின் பெயர். வாரிசுப் பங்கு ஷரீஅத் சட்டப்படி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. தந்தைவழிச் சட்டமும் தாய்வீட்டு வாழ்க்கையும் ஒரே கூரையின் கீழ் எப்படி இத்தனை காலம் நிலைத்தன? இது பழைய தாயுரிமைச் சமூகத்தின் மிச்சமா, அல்லது ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்காகத் திரும்பத் திரும்பக் கட்டியெழுப்பும் ஏற்பாடா? இரண்டாவதுதான் என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளை இங்கே எடைபோடுகிறேன்.

ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கின் தாய்வழிக் குடிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. என் அலகு குடி அல்ல, வீடு.

2. ஏணிக் கோட்பாடு

1861இல் சுவிஸ் சட்ட அறிஞர் பகோஃபென் தாயுரிமை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1877இல் அமெரிக்கரான மோர்கன் ‘பண்டைய சமூகம்’ எழுதினார். அதைப் பின்பற்றி 1884இல் எங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை விளக்கினார். மூவருக்கும் பொதுவான கதை இது: மனித சமூகம் முதலில் தாய்வழியாக இருந்தது, மந்தையும் நிலமும் தனிச்சொத்தானபோது தந்தைவழிக்கு மாறியது. தமிழில் இந்தக் கதை ஆய்வு நூல்களை விட ராகுல் சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ வழியாகவே பரவியது. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் அந்நூலை வாசித்து வளர்ந்த மூன்று தலைமுறைகளுக்கு, தாய்வழி என்றாலே காட்டில் கூட்டத்தை நடத்திச் செல்லும் நிஷாவின் உருவம்தான் கண்முன் வரும். ஆகவே கிழக்கிலங்கையின் வழக்கத்தைக் கேள்விப்படும் தமிழ் வாசகர் அதை உடனே ‘ஆதி எச்சம்’ என்று வகைப்படுத்திவிடுகிறார்.

புதைகுழிகளிலிருந்து மரபணுவை வாசிக்கத் தொடங்கிய கடந்த பத்தாண்டுகளில் இந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. இங்கிலாந்தின் ஹேசில்டன் நோர்த் கல்லறையில் சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டவர்கள் பெரும்பாலும் ஐந்து தலைமுறைகள் கொண்ட ஒரே தந்தைவழிக் குடும்பத்தினர். அதே தீவின் தென்பகுதியில், டோர்செட்டின் பிற்கால இரும்புக் கால இடுகாட்டில், ஒரே தாய்வழி வந்த பெண்கள் ஊரோடு இருக்க, ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று 2025இல் லாரா காசிடியின் குழு காட்டியது. முந்தியது தந்தைவழி, பிந்தியது தாய்வழி; ஏணி தலைகீழாகிறது. அமெரிக்காவின் சாகோ பள்ளத்தாக்கிலோ, ஏறத்தாழ கி.பி. 800 முதல் 1130 வரை ஆண்ட மேட்டுக்குடி ஒன்று ஒரே தாய்வழியில் தொடர்ந்தது. அது காட்டுவாசிக் கூட்டம் அல்ல. பல மாடி கட்டிய அதிகாரக் குடும்பம்.

தாய்வழியும் தந்தைவழியும் படிகள் அல்ல என்றால், அவை ஏன் தோன்றுகின்றன, ஏன் நிற்கின்றன என்ற கேள்வி ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியதாகிறது.

3. எங்கிருந்து வந்தது?

கிழக்கின் இந்த வழக்கத்துக்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது கேரள வரவு. கிழக்கின் தமிழ்ச் சாதியினரான முக்குவர் மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள், அல்லது 1215இல் படையெடுத்த கலிங்க மாகனின் படையில் வந்தவர்கள், சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் மருமக்கள்தாயத்தை அவர்களே கொண்டுவந்தார்கள் என்பது இதன் சாரம். மட்டக்களப்பு மான்மியம் பதிவுசெய்த மரபுக் கதையில் முக்குவர் முஸ்லிம்களின் துணையோடு திமிலர் என்ற மற்றொரு சாதியினரைத் துரத்தினார்கள். அந்த உறவில் மணவுறவும் குடிமுறையும் முஸ்லிம்களுக்கும் வந்தன. கதை பிற்காலத்தில் எழுத்தானது என்பதால் நிகழ்ச்சிகளுக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. இரு சமூகங்களும் ஒரே முறையைப் பகிர்ந்ததை விளக்க வேண்டிய தேவை மக்களுக்கே இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

இரண்டாவது விளக்கம் கடல் வணிகம். ஆண்கள் நெடுங்காலம் கடலில் இருக்கும் சமூகங்களில் பெண்கள் தம் தாயோடும் சகோதரிகளோடும் இருப்பது பாதுகாப்பு. இந்தியப் பெருங்கடலின் ஓரமெங்கும் இதற்கு ஒத்த முஸ்லிம் ஊர்கள் உண்டு. கண்ணூரின் அறக்கல் குடும்பம், லீலா துபே 1969இல் எழுதிய இலட்சத்தீவு, மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள், நம் காயல்பட்டினம். காயலில் இன்றும் மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் வாழ்கிறார். இஸ்லாமும் தாய்வீடும் ஒத்துப்போகா என்ற எண்ணத்தை இந்தப் பட்டியலே முறியடிக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: கிழக்கின் முஸ்லிம்கள் எல்லாரும் கப்பலோட்டிகள் அல்லர். 1626 வாக்கில் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியேற்றினான். அவர்கள் நெல் விளைத்தார்கள். அவர்களின் சந்ததியும் வீட்டை மகளுக்கே கொடுத்தது.

மூன்றாவது, உள்ளூர் அடித்தளம். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் வேடர் ஆய்வு, தாய்வழியாகத் தொடரும் ‘வருகே’ குலங்களைக் குறிக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே வாழ்ந்த கரையோர வேடர்களும் அந்த நூலில் உண்டு. இந்த விளக்கம் கவர்ச்சியானது, ஆபத்தானதும்கூட. ‘வேடர் பழையவர், ஆகவே தாய்வழி பழையது’ என்று பின்வாசலால் ஏணியை மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிடும். வேடர்களும் நம் காலத்து மனிதர்களே. அவர்களின் வழக்கமும் வரலாற்றில் மாறி வந்ததே.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் தோற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நிலைப்பு விளங்கிவிடும் என்று நினைப்பதே பிழை. மருமக்கள்தாயம் கேரளத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டாலும், தாயகத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கூட்டுக்குடும்பச் சொத்து முறையே கலைந்துபோனது. கிழக்கில் வீட்டுச் சீதனம் மட்டும் ஏன் வலுத்தது?

4. 1876க்கு முன்னும் பின்னும்

இதற்கு ஆவணச் சான்று உண்டு. 1876இல் கிறிஸ்டோபர் பிரிற்றோ முக்குவர் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்டார். அதில் முதுசச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிறது. மாமன் சொத்து மருமகனுக்கு: இது அச்சான தாய்வழி வாரிசு. அதே ஆண்டின் 15ஆம் இலக்க மணவுரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் மட்டக்களப்புத் தமிழருக்கு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. வாரிசுரிமை இனி மகன், மகள் இருவருக்கும் வந்தது.

சட்டம் தாய்வழியைக் கொன்றிருக்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. அக்கரைப்பற்றில் பல்லாண்டு கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே காட்டுவதுபோல, இறந்தபின் சொத்து கைமாறும் முறை ஒதுங்க, உயிரோடிருக்கையிலேயே மகளுக்கு எழுதிக்கொடுக்கும் சீதனம் அந்த இடத்தைப் பிடித்தது. முன்பு பெண் வழியாக ஆணிடமிருந்து ஆணுக்குப் போன சொத்து, இப்போது தாயிடமிருந்து மகளுக்கு நேராகப் போகிறது. பெண்ணின் கைக்குக் காணி உறுதி வந்தது இந்த மாற்றத்தால்தான். ‘ஆதி தாயுரிமை’ என்று நாம் வியந்து பார்ப்பதில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்கு எதிர்வினையாக மக்கள் உருவாக்கியது.

முஸ்லிம்களிடமும் இதற்கு ஒரு சட்டத் திறப்பு இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இறந்தவரின் சொத்தை அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி பிரிக்கச் சொல்கிறது. உயிரோடிருப்பவர் நன்கொடை எழுதுவதைத் தடுக்கவில்லை. வாப்பா மவுத்தாகும்போது பங்குபோட வீடு மீதமிருப்பதில்லை. ஷரீஅத் மீறப்படவுமில்லை, வழக்கம் கைவிடப்படவுமில்லை.

5. ஒரு வளவு பிரியும் விதம்

இரண்டு மகள்மார் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போதே பெரிய வீடு அவளுக்கென்று முடிவாகிவிடும். நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதுவார்கள். மாப்பிள்ளை வந்து சேர்ந்த சில காலத்தில் தாயும் தகப்பனும் இளையவளோடு வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். முதலில் அது குசினியும் ஓர் அறையும்தான். இளையவள் வளர வளர அதுவும் வளரும். அவள் கலியாணத்தில் அதுவும் கைமாறும். கிணறு பொது. வேலி முதலில் இருப்பதில்லை, பேரப்பிள்ளைகள் பெருகும்போது வரும். கடைசியில் பெற்றோர் கடைசி மகளின் வீட்டில் ஓர் அறையில் இருப்பார்கள்.

மகன் இதற்குள் வேறு வளவுக்கு மாப்பிள்ளையாகப் போயிருப்பான். ஆனால் போகுமுன் தங்கைக்கு வீடு கட்ட உழைத்திருப்பான்; தங்கையைக் கரைசேர்க்காமல் தான் கலியாணம் முடிப்பது அவனுக்குக் குறைச்சல். இங்கே ஆணின் உழைப்பு இரண்டு பெண்களின் வீடுகளுக்கிடையே பங்காகிறது: பிறந்த வீட்டில் தங்கைக்கு, புகுந்த வீட்டில் மகளுக்கு. நூர் யால்மன் 1960களில் கிழக்கைப் பற்றி எழுதியதிலிருந்து, வீட்டின் இந்தச் சுற்று ஆய்வாளர்களின் கண்ணில் பட்டுவந்திருக்கிறது. ஆனால் இதை வெறும் சொத்துக் கைமாற்றமாக மட்டும் பார்த்தார்கள் என்பது என் மனக்குறை.

6. மாடும் வளவும்

சொத்தின் வகையே தாய்வழியைத் தீர்மானிக்கிறது என்ற விளக்கமும் உண்டு. 1961இல் மானிடவியலாளர் டேவிட் ஏபர்ல், மாடு தாய்வழிக்குப் பகை என்றார். 2003இல் கிளேர் ஹோல்டனும் ரூத் மேஸும் பாண்டு மொழி பேசும் ஆபிரிக்கச் சமூகங்களின் மொழிக் குடிமரத்தை வைத்து அதைச் சோதித்து, மாடு வந்த இடங்களில் தாய்வழி குலைந்ததைக் காட்டினார்கள். மந்தை இருந்தால் மகன் பல பெண்களை மணக்கலாம், ஆகவே பெற்றோர் சொத்தை மகனிடம் கொடுப்பது இலாபம் என்பது தர்க்கம்.

கிண்ணியா தயிருக்குப் பேர்போன ஊர். எருமைப் பட்டியும் ஏர்ப்பூட்டிய வயலும் இங்கு பழையவை. அந்தக் கோட்பாட்டின்படி இங்கே தாய்வீடு இருந்திருக்கக் கூடாது. ஹோல்டனும் மேஸும் தவறு என்று நான் சொல்லவில்லை. அவர்களின் கணக்கில் சொத்து ஒரே வகை. இங்கே சொத்து இரண்டு தடத்தில் ஓடுகிறது. பட்டி ஊருக்கு வெளியே மேய்ச்சல் தரையில் நிற்பது, நடமாடக்கூடியது, ஆணின் கையில் இருப்பது. வளவு அசையாதது, கிணற்றோடு கட்டுண்டது, பெண்ணின் பேரில் இருப்பது. மந்தை பெருகினாலும் வளவின் வழி மாறவில்லை. உலகளாவிய ஒப்பீட்டில் ஒரு சமூகத்துக்கு ‘தாய்வழி’, ‘தந்தைவழி’ என்று ஒரே குறி போடும் முறை இத்தகைய இடங்களைத் தவறவிடுகிறது.

7. யார் பிள்ளையை வளர்ப்பது?

வீட்டுச் சீதனத்தின் நிலைப்புக்கு மிக அழுத்தமான காரணம் சொத்திலும் அல்ல, குலத்திலும் அல்ல, பிள்ளை வளர்ப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கேதான் மனித மனத்தின் பரிணாமமும் குறிஞ்சாக்கேணியின் வளவும் சந்திக்கின்றன.

சிம்பன்சித் தாய் தன் குட்டியை ஆண்டுக்கணக்கில் தனியாகச் சுமக்கும், பிறர் கையில் கொடுக்காது. மனிதத் தாய் முந்திய பிள்ளை தன் காலில் நிற்குமுன்பே அடுத்ததைப் பெறுகிறாள். உதவிக் கைகள் இன்றி இது நடக்காது. தன்சானியாவின் ஹட்சா மக்களிடையே பணியாற்றிய கிறிஸ்டன் ஹாக்ஸ், கிழங்கு தோண்டும் பாட்டிமாரின் உழைப்பு பேரப்பிள்ளைகளின் வளர்ச்சியைத் தாங்குவதைக் கண்டு, மகப்பேறு நின்றபின்னும் பெண் நெடுங்காலம் வாழ்வதற்கு அதுவே காரணம் என்றார். சாரா ஹர்டி 2009இல் இதை மனம் வரை நீட்டினார். பலர் கையில் வளரும் குழந்தை, யார் தன்னை ஏந்துவார், யார் மனம் இளகும் என்று முகங்களைப் படிக்கப் பழகுகிறது. பிறர் மனத்தை உணரும் நம் ஆற்றலுக்கு அதுவே வேர் என்பது அவர் வாதம்.

எந்தப் பாட்டி என்பதும் முக்கியம். காம்பியாவின் நான்கு கிராமங்களில் 1950 முதல் 1974 வரை திரட்டப்பட்ட பதிவுகளை ரெபெக்கா சியரும் மேஸும் ஆராய்ந்தபோது, தாயின் தாய் உயிரோடிருந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். தந்தை இருந்தாரா இல்லையா என்பது பிழைப்பைப் பெரிதாக மாற்றவில்லை. அந்தக் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களே, தந்தைவழி ஊர்களே. அங்கே மகள் கணவன் வளவுக்குப் போய்விடுகிறாள். பாட்டி தேடிப் போய் உதவ வேண்டும். கிழக்குக் கரையில் உம்மும்மா ஒரு கிணறு தள்ளி இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதென்பது இங்கே இல்லை, தாய்வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளை காய்ச்சலில் விழுந்தால் சாச்சி தூக்கிக்கொள்வாள்.

இதைக் கொண்டு தாய்வீடு மரபணுவில் எழுதப்பட்டது என்று யாரும் வாதிட வேண்டாம். உலகின் பெரும்பாலான சமூகங்கள் மகளை அனுப்பிவிட்டே பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன. பரிணாமம் தந்தது கூட்டாக வளர்க்கும் தேவையும் ஆற்றலும் மட்டும். அதற்கு வீட்டின் வடிவத்தைத் தந்தது இந்தக் கரையின் வரலாறு.

8. வளைகுடாவும் அலையும்

கடல் வணிக விளக்கம் ஆண் இல்லாத வீட்டைப் பற்றியது. 1980களிலிருந்து கிழக்கில் ஆண்கள் மட்டுமின்றிப் பெண்களும் வீட்டுப் பணிக்காக வளைகுடாவுக்குப் போகிறார்கள், பலர் மகளுக்கோ தங்கைக்கோ வீடு கட்டுவதற்காகவே. அந்த விளக்கம் முழுமையானதாக இருந்தால், பெண் போனதும் தாய்வீடு சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. போனவளின் பிள்ளைகளை அவளின் தாயும் சகோதரிகளும் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் அனுப்பும் பணம் அடுத்த பெண்ணின் சுவராகிறது. நிலைத்து நிற்பது வீட்டில் இருக்கும் பெண் அல்ல, பெண்களுக்கிடையேயான கடன்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இதற்கு இன்னொரு கொடிய சோதனை. கிண்ணியா கடுமையாக அடிபட்டது. அதன் வைத்தியசாலையும் அழிந்தது. வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தபோது தலைமுறைகளாகப் பிரிந்து வந்த வளவுகள் வெறும் மணலாயின. மாற்று வீடு தரும் படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம். அதில் கணவனின் பெயர் ஏறியது. மனைவியின் சீதன வீடு போய், கணவன் பெயரில் புதிய வீடு. அரசு அதிகாரிகளுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. ஏணியின் மேல்படிதான் இயல்பான குடும்பம் என்ற எண்ணம் படிவத்துக்குள்ளேயே இருந்தது. பெண்கள் அமைப்புகள் மட்டக்களப்பில் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, கிடைத்த வீட்டை மக்கள் எப்படியாவது மகளின் சீதனமாக்க முயன்றதைப் பதிவுசெய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் 1876ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் செய்ததையே மக்கள் மீண்டும் செய்தார்கள்.

9. விலை

இதையெல்லாம் சொல்லிவிட்டு இந்த வழக்கத்தைப் பெண்ணுரிமை என்று கொண்டாடினால் அது நேர்மையாகாது. உறுதியில் பெயர் இருப்பது ஒன்று, அதிகாரம் இருப்பது வேறொன்று. அக்கரைப்பற்றுப் பக்கம் தாய்வழிக் குடிகளின் சார்பில் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் ஆண்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதவானாக ஆண் மட்டுமே இருக்க முடியும். அதே சட்டம், மணமகளின் பயன்பாட்டுக்கென மணமகனிடம் கொடுக்கும் கைக்கூலியை, அது பணமாகவோ அசையும் பொருளாகவோ இருந்தால், அங்கீகரிக்கிறது. வீடு அந்த வரைவிலக்கணத்துக்கு வெளியே நிற்கிறது. அச்சட்டத்தைச் சீர்திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை தந்தபோதும் சீர்திருத்த விவாதம் மணவயதையும் காதியையும் சுற்றியே பெரும்பாலும் நின்றது.

ஏழை வீட்டில் இந்த வழக்கம் கழுத்தை நெரிக்கிறது. வளவில்லாத தகப்பனின் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு வருவோர் குறைவு. வீடில்லாமல் வயதேறும் பெண்கள், அவர்களுக்காகப் பாலைவனத்தில் உழைக்கும் தாய்மார் – இவர்களையும் கணக்கில் சேர்க்காத ஆய்வு அரைகுறை. சீதனத்தை மார்க்கத்துக்குப் புறம்பானது என்று எதிர்க்கும் இயக்கங்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களில் சிலர் தீர்வாகச் சொல்லும் ‘மணமகனே வீடு கொடுக்கட்டும்’ என்பது, உம்மும்மாவையும் சாச்சியையும் குழந்தையிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளிவைக்கும் என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த மாற்றம் காணியிலிருந்து வரும். திருகோணமலை மாவட்டத்தில் நிலத்தின் பெரும்பகுதி அரச காணி. பல குடும்பங்களின் கையில் இருப்பது உறுதி அல்ல, அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையாளர் வரிசையில் பெண்ணுக்கு முன் ஆணை வைத்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் அனுமதிப்பத்திரக் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு துண்டு என்று பிரிந்தே வாழ்ந்து வந்த வளவு இப்போது பிரிய முடியாத அளவுக்கு வந்துவிட்டது. மூத்தவளின் கூரைக்கு மேல் தட்டுப்போட்டு இளையவளுக்கு மாடி எழுப்பும் வீடுகள் கரையோர ஊர்களில் பெருகுகின்றன. மாடிக்குத் தனி உறுதி எழுத வழியில்லாத காணியில், அந்த மாடி யாருடையது என்பதைச் சகோதரிகளே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.